படத்தொகுப்புக்குத் தமிழில் என்ன சொற்களை வழங்குவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு வாரமலரில், குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கான தொடரின் முதற்பகுதியாகப் படத்தொகுப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். மட்டக்களப்பு நகரில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கலியாண வீடியோக்களையும் சாமத்திய வீட்டு வீடியோக்களையும் தொகுத்துப் பிழைத்தவன் நான். இப்போது கல்லடியில் மாணவர்களுக்கு ஊடகக் கற்கை கற்பிக்கிறேன். கைத்தொலைபேசி ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு வாவிக்கரையிலும் கடற்கரையிலும் படம்பிடித்துத் திரியும் எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பத்திரிகை இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. அந்த மகிழ்ச்சியினாலேயே, கட்டுரையில் நான் உடன்படாத இரண்டு விடயங்களை எழுதவும் துணிகிறேன். படத்தொகுப்பு என்பது எடுத்த படத்தில் தேவையற்ற பகுதிகளை வெட்டி நீக்கும் வேலை என்று கட்டுரை தொடங்குகிறது. அதன் கீழே ஒரு பெட்டிக்குள், ஆங்கிலத்தில் ‘கட்’ என்று முடியும் ஒவ்வொரு சொல்லுக்கும் ‘வெட்டு’ என்று முடியும் ஒரு தமிழ்ச் சொல் தரப்பட்டிருக்கிறது. முதலாவது கூற்றிலிருந்தே இரண்டாவது பிறந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பக்கத்தை வகுப்பறைப் பலகையில் ஒட்டிய அன்றே அதன் விளைவைக் கண்டேன். வெவ்வேறு இடங்களில் ஒரே வேளையில் நடப்பவற்றை மாறிமாறிக் காட்டும் முறைக்குக் கட்டுரை ‘குறுக்கு வெட்டு’ என்று பெயர் தந்திருந்தது. எங்கள் நாட்டுப் பாடநூல்களில் குறுக்குவெட்டு என்றால் தாவரத்தின் தண்டைக் குறுக்காக அரிந்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முகம். விஞ்ஞானம் படித்த எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல் அந்த வட்டத்தைத்தான் கண்முன் கொண்டுவரும். “சேர், படத்த எந்தப் பக்கத்தால வெட்டுற?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுடைய கேள்வியில் பிழை எதுவும் இல்லை. சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. அன்றைய பாடவேளை முழுவதும், படத்தொகுப்பைக் கற்பிப்பதற்குப் பதிலாக அந்தச் சொல்லை அவர்கள் மனத்திலிருந்து அகற்றுவதிலேயே கழிந்தது.

‘கட்’ என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் நேரடியான பொருள் இருந்தது. 35 மில்லிமீற்றர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், உண்டு. செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும். 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களில் முடிந்துவிடும். தொகுப்பாளர் அந்தச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு சட்டகங்களுக்கு இடையிலுள்ள கோட்டில் வெட்டி, ஓரத்துப் பூச்சைச் சுரண்டிப் பசையிட்டோ ஒட்டுநாடா வைத்தோ அடுத்த துண்டோடு பொருத்தினார். அங்குகூட வெட்டுவது ஒரு கணத்து வேலை. எதனோடு எதைப் பொருத்துவது என்பதே நாட்கணக்கான வேலை. 1990களில் நான் கற்றுக்கொண்ட தொழிலில் அந்த ஒரு கணத்து வெட்டும் இருக்கவில்லை. இரண்டு வீ.எச்.எஸ். டெக்குகளை அருகருகே வைத்து, ஒன்றில் மூலநாடாவை ஓடவிட்டு, வேண்டிய இடம் வந்ததும் மற்றதில் பதிவுப் பொத்தானை அழுத்துவோம். நாடாவில் கத்தரி படவே கூடாது. ஒரு மணிநேர வீடியோவின் நடுவில் ஐந்து செக்கன் காட்சியொன்றைச் சேர்க்க மறந்துபோனால், எங்களிடமிருந்த கருவிகளில் அந்த இடத்திலிருந்து முடிவு வரை மறுபடியும் பதிவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதற்கு அஞ்சிப் பிரதியிலிருந்து பிரதி எடுத்தாலோ நிறம் கலங்கி உருவம் தேய்ந்துவிடும். ஆகவே முதல் துண்டைப் பதியுமுன்பே முழு வீடியோவும் மனத்தில் ஓடி முடிந்திருக்க வேண்டும். கணினி வந்த பிறகு, மூலக்கோப்பு தொடப்படாமல் அப்படியே கிடக்க, எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிந்து எதனோடு சேர வேண்டும் என்ற குறிப்பு மாத்திரமே, துண்டுகளை வரிசையாகக் காட்டும் காலக்கோட்டில் பதியப்படுகிறது. மூன்று காலத்துக்கும் மூன்று கருவிகளுக்கும் பொதுவாக இருந்தது சேர்த்தல் ஒன்றுதான்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. படத்தொகுப்பு என்று முதலில் பெயரிட்டவர் யாராயினும், அவர் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதாமல் வேலையைப் பார்த்துப் பெயரிட்டார் என்றே நான் நம்புகிறேன். சிதறிக் கிடந்த சங்கப் பாடல்களை ஓர் ஒழுங்கில் சேர்த்தவர்களைத் தொகுத்தவர்கள் என்கிறோம். அது எல்லோரும் அறிந்த பொருள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு பொருளும் தெரியும். இரண்டு சொற்களுக்கு இடையில் நிற்க வேண்டிய உருபு மறைந்து, அவ்விரண்டும் ஒரு சொல்லைப்போல நடந்தால் அதைத் தொகை என்கிறோம். உருபு தொக்கு நிற்கிறது என்றால் மறைந்து நிற்கிறது என்றே பொருள். எங்கள் ஊரில் தினமும் புழங்கும் தயிர்ச்சட்டி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தயிரைக் கொண்ட சட்டி என்பதில் ‘ஐ’ என்ற உருபும் ‘கொண்ட’ என்ற சொல்லும் மறைந்துவிட்டன. ஆயினும் கேட்பவருக்கு எதுவும் குறையவில்லை, மறைந்ததை அவருடைய மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சேர்த்தல், இடையில் உள்ளதை மறைத்தல், இரண்டையும் ஒன்றாக்குதல் ஆகிய மூன்றும் ‘தொகு’ என்ற ஒரே வினைக்குள் அடங்கியிருக்கின்றன. ஒருவன் வீட்டுக் கதவைப் பூட்டுகிறான். அடுத்த ஷொட்டில், அதாவது கமராவை நிறுத்தாமல் எடுத்த அடுத்த துண்டில், பேருந்தின் யன்னலோரத்தில் இருக்கிறான். தெருவில் நடந்ததும் தரிப்பிடத்தில் காத்து நின்றதும் தொக்கு நிற்கின்றன. படத்தொகுப்பாளர் இதனைத்தான் ஒவ்வொரு நாளும் செய்கிறார். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வெட்டுதல் என்று விளக்குவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

இந்த ஒப்புமை வெறும் சொல்லழகுக்காகச் சொல்லப்பட்டதன்று. வகுப்பில் இது பயன்படுகிறது. ரஷ்யப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில், புதிய படச்சுருளுக்குத் தட்டுப்பாடு நிலவிய மொஸ்கோவில், லெவ் குலேசோவ் என்ற இளம் ஆசிரியர் பழைய படங்களின் துண்டுகளைப் புதிதாக ஒட்டிப் பார்த்துப் பாடம் நடத்தினார். மொஸ்யூகின் என்ற புகழ்பெற்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு சூப்புக் கிண்ணத்தோடும், சவப்பெட்டியில் கிடத்தப்பட்ட ஒரு பெண்ணின் உடலோடும், பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமியோடும் அவர் தனித்தனியே சேர்த்துக் காட்டினார் என்றும், பார்த்தவர்கள் அந்த முகத்தில் ஆழ்ந்த சிந்தனையையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிகரின் திறமையை வியந்தார்கள் என்றும் அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதிவைத்தார். முகம் மூன்றிலும் ஒன்றே. குலேசோவ் விளைவு என்று உலகம் அழைக்கும் இதனை உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு ஒரே நிமிடம் போதுமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் அன்மொழித்தொகை படித்தவர்கள். ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வந்தது பொன்னுமன்று, தொடியுமன்று. அவ்விரண்டு சொற்களிலும் இல்லாத ஒரு பெண் வருகிறாள். இரண்டு துண்டுகளிலும் இல்லாத ஒன்று, அவை சேர்ந்தவுடன் பார்ப்பவர் மனத்தில் தோன்றுகிறது.

குலேசோவின் பெயரைக் கேள்விப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நான் அதைச் செய்திருக்கிறேன். தகப்பனை இழந்த ஒரு மணமகளின் கலியாண வீடியோவைத் தொகுத்தபோது, அவளுடைய தாயார் முந்தானையால் கண்ணைத் துடைக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அது ஓமப்புகை பட்டுக் கண் எரிந்தபோது எடுக்கப்பட்டது. சுவரில் மாலையிட்டுத் தொங்கிய தகப்பனாரின் படத்தை அடுத்து அந்தத் துண்டைச் சேர்த்தேன். வீட்டார் எல்லோரும் கடையிலேயே அமர்ந்து பார்த்தார்கள். அந்த இடம் வந்ததும் எவருக்கும் பேச்சு எழவில்லை. கடைசியில் அந்த அம்மா என்னிடம், “நான் அந்த நேரம் அழல்லயே மனே, புகை பட்டதுதானே” என்றார். மாற்றிவிடவா என்று கேட்டேன். சற்று நேரம் இருந்துவிட்டு, “வேணாம், அப்படியே இருக்கட்டும்” என்றார். அவர் அனுமதித்ததனால் அந்த இணைப்பு அவர்களுடைய குடும்பத்தின் நினைவாயிற்று. அதே காரியத்தை ஒரு செய்தி வீடியோவில் செய்து, ஓர் ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பேசியதை அடுத்து வேறொரு வேளையில் எழுந்த கைதட்டலையோ கூச்சலையோ சேர்த்தால் அது பொய்யாகும். எடுக்கப்பட்டவற்றில் எதையும் வெட்டி நீக்காமலே பொய் சொல்ல முடியும் என்பதைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், படத்தொகுப்பு என்றால் நீக்குதல் என்ற வரைவிலக்கணம் முதலில் போக வேண்டும். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு நாளும் நறுக்குக் காணொளிகளைப் பார்த்து நம்பும் ஒரு தலைமுறைக்கு இது சிறிய விடயமன்று.

நீக்குதலுக்கு நேர்மாறான வேலையைத் தொகுப்பு செய்வதற்கு ரஷ்ய இயக்குநர் ஐசென்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) நல்ல சான்று. ஒடெசாப் படிக்கட்டில் படையினர் மக்களைச் சுட்டுக்கொண்டு இறங்கும் காட்சியில், ஒரே கணம் வெவ்வேறு முகங்களில், வெவ்வேறு கால்களில், உருண்டு செல்லும் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியில் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டப்படுவதால், படிகளில் இறங்க உண்மையில் எடுக்கக்கூடிய நேரத்தைவிட மிக நீண்ட நேரம் திரையில் கழிகிறது. தொகுப்பு அங்கே காலத்தை நீட்டுகிறது. அதே படத்தில் உறங்கும் சிங்கம், விழித்த சிங்கம், எழுந்து நிற்கும் சிங்கம் ஆகிய மூன்று கற்சிலைகள் மூன்று சிறு துண்டுகளாக அடுத்தடுத்து வருகின்றன. கல் எழுந்து கர்ச்சிப்பதாகவே கண் காண்கிறது. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ‘வேலைநிறுத்தம்’ என்ற படத்தின் முடிவில் தொழிலாளர் கொல்லப்படுவதும் ஒரு மாடு அறுக்கப்படுவதும் மாறிமாறி வருகின்றன. ‘போல’ என்ற உருபு எங்கும் சொல்லப்படவில்லை. உவமைத்தொகையில் போல அது மறைந்து நிற்கிறது. இலக்கணத்தின் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு தொகுப்பு முறையைத் தேடி ஒட்டிக் காட்டுவது என் நோக்கமன்று. வலிந்து பொருத்தினால் இரண்டு துறைகளுக்கும் தீங்கு. தானாகப் பொருந்தும் இடங்களில் மாத்திரம் நான் இதைக் கற்பிக்கிறேன்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘குறுக்கு வெட்டு’ என்பதற்குப் பதிலாக ‘உடன்நிகழ்வுத் தொகுப்பு’ என்று வழங்கலாம். அமெரிக்க இயக்குநர் கிரிபித் 1909 இல் எடுத்த ‘த லோன்லி வில்லா’ என்ற குறும்படத்தில், வீட்டை உடைக்கும் திருடர்களும் உள்ளே அஞ்சி ஒடுங்கும் குடும்பமும் அவர்களைக் காக்க விரைந்து வரும் தகப்பனும் மாறிமாறி வருகிறார்கள். மூன்றும் ஒரே வேளையில் நடக்கின்றன என்பதைப் பார்ப்பவர் எவரும் சொல்லித்தராமலே அறிகிறார். அதே கிரிபித் 1916 இல் எடுத்த ‘இன்டொலரன்ஸ்’ படத்திலோ பாபிலோன் காலம் முதல் தமது காலம் வரையான நான்கு கதைகள் மாறிமாறி வருகின்றன. அவை ஒரே வேளையில் நடப்பவையல்ல; ஒன்றோடொன்று ஒப்புநோக்க வைக்கப்பட்டவை. அதற்குச் ‘சமாந்தரத் தொகுப்பு’ என்ற பெயர் பொருந்தும். கட்டுரை இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்திருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குச் சமாந்தரக் கோடுகள் எவை என்று தெரியும். அவை ஒன்றையொன்று தொடாமல் கூடவே செல்பவை.

கட்டுரையில் ‘ஜே வெட்டு’, ‘எல் வெட்டு’ என்று வந்த சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகத் தொகுப்பவருக்கு இவற்றைப்போல உடனடியாகப் பயன் தருவது வேறொன்றில்லை. படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் மாற்றினால் ஒவ்வோர் இணைப்பும் கதவை அடித்து மூடுவது போலக் கேட்கும். அடுத்த காட்சியின் ஒலியை முன்கூட்டியே தொடங்கவிட்டுப் பின்பு படத்தை மாற்றலாம். அல்லது படத்தை மாற்றிய பின்பும் முந்திய காட்சியின் ஒலியைச் சற்று நீளவிடலாம். காலக்கோட்டில் இந்தத் துண்டுகள் கிடக்கும் வடிவம் ஆங்கில எழுத்துகளைப்போல் இருப்பதால் அங்கே அந்தப் பெயர்கள் வந்தன. தமிழ் வாசகருக்கு அந்த எழுத்தின் வளைவு எதையும் சொல்லாது. நான் வகுப்பில் ‘ஒலி முந்தல்’ என்றும் ‘ஒலி பிந்தல்’ என்றும் சொல்கிறேன். ஒரு தடவை சொன்னால் மறுபடி விளக்க வேண்டியிருப்பதில்லை. ஒலி முந்துவது நமக்குப் புதிதுமன்று. கூத்துக் களரியில் அரசன் தோன்றுமுன் அவனுக்கு முன்னே திரைச்சீலையைப் பிடித்து நிற்பார்கள். அவனுடைய முகத்தைக் காணுமுன்னரே கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரின் மத்தளத்தையும் வரவுப் பாட்டையும் சதங்கை ஒலியையும் சபை கேட்டுவிடும். வருபவன் யாரென்று காது அறிந்த பிறகே கண் காண்கிறது. அந்தக் காத்திருப்பின் சுவையை எங்கள் கிராமத்துப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள்.

எல்லாவற்றுக்கும் புதுச்சொல் வேண்டும் என்று நான் கூறவில்லை. ‘ஷொட்’, ‘கட்’ ஆகிய இரண்டும் படப்பிடிப்பு நடக்கும் இடமெங்கும் எல்லோர் வாயிலும் புழங்கும் சொற்கள். அவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் எந்தக் குறையும் நேராது. ‘ஜம்ப் கட்’ என்பதைத் ‘தாவல்’ என்று எழுதலாம், ஏனெனில் பார்ப்பவர் காண்பதும் ஒரு தாவலையே: ஒரே ஆளை ஏறத்தாழ ஒரே கோணத்திலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் அவர் நின்ற இடத்திலேயே துள்ளுவது போலத் தெரியும். அதைத் தவிர்க்கவே இரண்டு ஷொட்டுகளுக்கிடையில் கமராவின் கோணம் 30 பாகையாவது மாற வேண்டும் என்ற விதி உண்டானது. பிரெஞ்சு இயக்குநர் கோடார் 1960 இல் தமது முதல் முழுநீளப் படத்தில் அந்தத் தாவலையே வேண்டுமென்று செய்து அதற்கு ஓர் அழகைத் தேடிக்கொடுத்தார். ஒரு துண்டின் உருவமோ அசைவோ அடுத்த துண்டில் தொடர்வதை ‘ஒப்பிணைப்பு’ எனலாம். ‘டிஸ்ஸோல்வ்’ என்பதற்குக் ‘கரைவு’ நல்ல சொல். கட்டுரை அதையே பயன்படுத்தியிருந்தது, நன்றி. ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’ (1962) படத்தில் எரியும் தீக்குச்சியை லோரன்ஸ் ஊதி அணைக்க, அடுத்த கணம் பாலைவனத்து அடிவானம் சிவந்து சூரியன் எழும் இடம் முதலில் ஒரு கரைவாகவே திட்டமிடப்பட்டிருந்தது. தொகுப்பாளர் ஆன் கோட்ஸும் இயக்குநர் டேவிட் லீனும் அவ்விரண்டு துண்டுகளும் கரைவு சேர்க்கப்படாமல் நேராக ஒட்டிக் கிடந்ததைத் தொகுப்பறையில் பார்த்தபோதுதான் அதன் வலிமையை உணர்ந்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். எழுதிவைத்த திட்டத்தில் இல்லாத ஒன்றைத் தொகுப்பறை கண்டுபிடிக்கும் என்பதற்கு மாணவரிடம் நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு இது.

‘மொண்டாஜ்’ என்ற சொல்லில் கட்டுரை மிகவும் இடறியிருக்கிறது. அது பிரெஞ்சு மொழியில் பொறியின் பாகங்களைப் பூட்டிப் பொருத்துவதற்கு வழங்கும் சொல். அங்கே படத்தொகுப்புக்கே பொதுப்பெயர் அதுதான். ரஷ்யக் கலைஞர்கள் அதே சொல்லை எடுத்து, இரண்டு துண்டுகளின் மோதலில் மூன்றாவது பொருள் பிறக்கும் என்ற தங்கள் கொள்கைக்குப் பெயராக்கினார்கள். ஹொலிவூட்டிலும் பின்பு தமிழ்ச் சினிமாவிலும், ஒரு பாட்டு ஒலிக்க மாதங்களையும் ஆண்டுகளையும் சில நிமிடங்களில் சுருக்கிக் காட்டும் பகுதிக்கு அது பெயராயிற்று. மூன்றையும் ஒரே வரியில் கலந்து, பாட்டுக் காட்சியை ஐசென்ஸ்டைன் கண்டுபிடித்தார் என்று வாசகர் எண்ணும்படி எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டும்.

பாத்திரம் நடக்கும் அல்லது நோக்கும் திசையில் ஒரு கற்பனைக் கோடு இருப்பதாகக் கொண்டு, கமராவை அதன் ஒரு பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்ற 180 பாகை விதியைக் கட்டுரை சரியாக விளக்கியிருந்தது. ஆனால் மீறக்கூடாத சட்டமாக அதை வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. அந்த விதியின் தேவையை நாங்கள் கல்லடியிலேயே கண்டோம். நகரிலிருந்து புதிய பாலத்தின் வழியே நடந்து வரும் ஒருவனை, ஒரு ஷொட்டில் அருகிலுள்ள பழைய பாலத்தில் நின்றும் அடுத்த ஷொட்டில் புதிய பாலத்தின் மறுபக்க நடைபாதையில் நின்றும் எடுத்துவந்தார்கள் என் மாணவர்கள். இரண்டையும் சேர்த்தபோது, இடமிருந்து வலமாக வந்தவன் அடுத்த கணம் வலமிருந்து இடமாக நடந்தான். எதையோ மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறான் என்றே வகுப்பு முழுவதும் எண்ணியது. இருந்தாலும் வோல்ட்டர் மேர்ச் என்ற அனுபவம் மிக்க தொகுப்பாளர், ஓர் இணைப்பு நல்லதா என்று தீர்மானிக்கும் ஆறு காரணிகளுக்கு அளவு குறித்தபோது உணர்ச்சிக்கு 51 வீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் செல்லும் இடத்துக்கு 7, திரையின் தளத்துக்கு 5, இடத்தின் தொடர்ச்சிக்கு 4 என்று வைத்தார். எண்கள் அவருடைய அனுபவக் கணிப்பே. ஆயினும் நாம் முதற்பாடமாகக் கற்பிக்கும் இடத்தொடர்ச்சியை அவர் கடைசியில் வைத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது. அழுகின்ற முகம் சரியான கணத்தில் வந்தால், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எவரும் கவனிப்பதில்லை.

‘ரஃப் கட்’ என்பதற்குக் கட்டுரை தந்த ‘கரடுமுரடான வெட்டு’ என்ற பெயரைக் கேட்டால், செய்தவனுக்கு அவமானமே மிஞ்சும். ‘முதல் தொகுப்பு’ என்பது போதும். அந்த முதல் தொகுப்பை எல்லோருமாகக் கூடியிருந்து பார்க்கும் நாளை எங்கள் வகுப்பில் ‘அடுக்குப் பார்த்தல்’ என்கிறோம். அரங்கேற்றத்துக்கு முன் கூத்தை முழுதாக ஆடவிட்டு, ஊரவர் கூடிக் குறைநிறை சொல்லும் நிகழ்வுக்கு மட்டக்களப்பில் வழங்கும் பெயர் அது. வேலையும் அதே வேலை. விடிய விடிய ஆடிய கூத்தை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், ‘கர்ணன் போர்’ முதலிய கூத்துகளைச் சில மணிநேரத்துக்குள் அடங்கச் செய்தபோது, திரும்பத் திரும்ப வரும் பாடல்களைக் குறைத்தது மாத்திரமன்றி, எஞ்சியவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி அடுக்கினார். அதையும் ஒரு தொகுப்புக் கலையாகவே நான் காண்கிறேன்.

இவ்விடத்தில் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கட்டுரையில் ஒரு தொகுப்பாளரின் பெயர்கூட வரவில்லை. எல்லாம் இயக்குநரின் செயலாகவே எழுதப்பட்டிருந்தது. எங்கள் மாவட்டத்து அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவை ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் எல்லோரும் அறிவார்கள். ‘வீடு’ போன்ற தமது படங்களைத் தாமே தொகுத்தவரும் அவர்தான் என்பதை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பள்ளிச் சுற்றுலாவின்போது கித்துல்கலையில் டேவிட் லீனின் படப்பிடிப்பைக் கண்டதே தம்மைச் சினிமாவின் பக்கம் ஈர்த்தது என்று அவர் கூறியிருக்கிறார். அந்த டேவிட் லீனும் இயக்குநராவதற்கு முன் தொகுப்பாளராகவே பெயர் பெற்றவர். 1965 இல் புதுடில்லியில் தங்க மயில் விருது வென்ற ‘கம்பெரலிய’ என்ற சிங்களப் படத்தைத் தொகுத்தவர் சுமித்திரா பீரிஸ் என்ற பெண்மணி. பின்னாளில் அவர் நாட்டின் முன்னணி இயக்குநர்களுள் ஒருவரானார். என் வகுப்பில் மிகுந்த பொறுமையோடும் கூர்மையோடும் தொகுப்பவர்கள் மாணவிகளே. ஆயினும் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர்களுடைய பெயரைக் கடைசியில் போடுவதை நானே பல தடவை திருத்த வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்மாதிரியாக இந்தப் பெயர்கள் அச்சில் வர வேண்டும்.

சொற்களை ஆக்குவது ஒரு தனி ஆளின் வேலையன்று என்பதை நான் உணர்கிறேன். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தபோதும் பலர் கூடியிருந்தே அவ்வேலை நடந்தது. நான் மேலே தந்த சொற்களைவிட நல்லவை பிறரிடம் இருக்கலாம். அப்படியாயின் அவற்றையே நானும் கற்பிப்பேன். நான் வேண்டுவது, தங்கள் பத்திரிகை ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தால் அந்தத் தொடர் முடியும் வரை அதையே வழங்க வேண்டும் என்பதும், எந்தச் சொல்லானாலும் அது பார்ப்பவரின் கண்ணிலும் காதிலும் என்ன செய்கிறது என்ற ஒரு வாக்கியம் அதன் அருகில் இருக்க வேண்டும் என்பதும்தான். வாரமலரில் வரும் குறும்பட விமர்சனங்களின் தலைப்பில் இயக்குநரின் பெயரோடு படத்தொகுப்பாளரின் பெயரையும் சேர்க்க முடியுமாயின், அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் தேவைப்படாது.

தொடரின் இரண்டாம் பகுதி அடுத்த ஞாயிறு வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். முதற்பகுதியை வகுப்பறைப் பலகையிலிருந்து நான் கழற்றவில்லை. ‘குறுக்கு வெட்டு’ என்ற சொல்லின் மேல் மாத்திரம் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, தங்கள் திருத்தம் வந்ததும் ஒட்டுவதற்காக அதன் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஊடகக் கற்கை ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.